வெற்றுத் துண்டு

எனக்குக் கைராசி என்று பட்டப்பெயர். ஆய்வுக்கூடத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஏழெட்டு வருடம் இருக்கும். "கைராசி அண்ணன்கிட்ட குடு, அவர் ஒட்டினா நிக்கும்" என்பார்கள். நிற்கும்தான். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நகத்தளவு சில்லின் மேல் வெள்ளிப் பசை தொட்டு ஒட்ட வேண்டும். பெருமூச்சு விட்டால் கம்பி போய்விடும், அப்புறம் தரையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு அது வரும். அதைத் தவிர வேறெதுவும் உருப்படியாக வராது என்பது என் மனைவியின் கட்சி. போன வாரம்வரை அந்தப் பட்டப்பெயரைக் கேட்டால் உள்ளூரக் குளிர்ந்துபோவேன். இப்போது கேட்டால் எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருக்கிறது.

நாங்கள் செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சில்லின் மேல் உலோகத்தை அடுக்கடுக்காகப் படிய வைப்போம். ஒவ்வோர் அடுக்கும் சில அணுக்களின் கனம்தான். அடியில் ஒரு கன உலோகம், அதன்மேல் ஒரு காந்த உலோகம். அடியில் மின்சாரத்தை ஓடவிட்டால் எலக்ட்ரான்கள் தங்களுடைய ஸ்பின், அதாவது தற்சுழற்சி, எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இரண்டு கட்சியாகப் பிரியும். ஒரு கட்சி கீழே ஒதுங்கும். இன்னொரு கட்சி மேலே ஏறி, காந்த அடுக்குக்குள் புகுந்து, அதன் காந்தத் திசையைப் பிடித்துத் திருகும். அந்தத் திருகல்தான் எங்கள் பிழைப்பு. குறைந்த மின்சாரத்தில் நிறையத் திருகினால் சூடாகாத நினைவகச் சில்லுகள் செய்யலாம் என்று உலகமே துரத்திக்கொண்டிருக்கிறது. "எல்லாரும் திருகாணியைத் திருகுறாங்க, நீங்க கண்ணுக்கே தெரியாததைத் திருகுறீங்க மச்சான்" என்று மனைவியின் தம்பி கிண்டலடிப்பான். நானும் சிரிப்பேன்.

இரண்டரை வருடத்துக்கு முன்னால், எங்கள் கலவை உலோகம் மற்றவர்களுடையதைவிட மூன்று மடங்கு திருகுகிறது என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். எங்கள் பேராசிரியரின் பெயரும் அதில் உண்டு. அவரை எல்லோரும் பெரிய சார் என்போம். கட்டுரை நன்றாக ஓடியது. எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. பெரிய சார் ஊர் ஊராகப் போய் என் வரைபடத்தைத் திரையில் காட்டிப் பேசினார். என் மனைவி முதல் பக்கத்தை அச்சிட்டுச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினாள். அதில் ஒரு வரிகூட அவளுக்குப் புரியாது, என் பெயரைத் தவிர.

திருகல் எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. சில்லின் குறுக்கே பிறக்கும் மின்னழுத்தத்தை அளப்போம். அது ஒரு வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அளக்கும்போது சில்லைப் பெரிய மின்காந்தத்தின் நடுவில் வைத்திருப்போம். இதில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் ஓடினால் சில்லு சூடாகும். அந்தச் சூடு காந்த அடுக்கின் ஊடாக இறங்கும்போதும் அதே இடத்தில், அதே மாதிரி ஒரு மின்னழுத்தம் பிறக்கும். எது திருகல், எது வெறும் சூடு என்று பிரிக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, வெளிக்காந்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. வெளிக்காந்தம் இறுக்கிப் பிடித்தால் திருகுவது கஷ்டம், அளவு குறையும். சூட்டுக்கு அந்தக் கவலை கிடையாது, அப்படியே இருக்கும். இன்னொன்று, கன உலோக அடுக்கே இல்லாத ஒரு சில்லை அளப்பது. அதை நாங்கள் வெற்றுத் துண்டு என்போம். திருகுவதற்கு ஆளே இல்லாத இடத்தில் அளவு ஏதும் வரக்கூடாது.

முதல் வழி எங்களிடம் அடைபட்டிருந்தது. எங்கள் மின்காந்தத்தைக் கூட்டும் குமிழை நாற்பதுக்கு மேல் திருப்பினால், அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குழாய் ஒழுக ஆரம்பிக்கும். அதனால் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: "நாற்பதுக்கு மேல் திருப்பாதே." என் கையெழுத்துதான். ஆறு வருடமாக அந்தக் கூடத்தில் யாரும் நாற்பதைத் தாண்டவில்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் கழிவறை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுவோம்.

இனி அந்தப் பெண். கட்டுரை வெளிவரும் நேரத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவள். எதைக் கேட்டாலும் "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பாள், அதனால் சந்தேகம் என்றே பெயர் வந்துவிட்டது. பெரிய சாரே, "சந்தேகம் வந்தாச்சா?" என்று கேட்பார். என் முடிவை அடிப்படையாக வைத்து அடுத்த கட்டத்துக்குப் போவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அடிப்படையே அவளுக்குக் கிடைக்கவில்லை. புதிதாக அடுக்குகளைப் படிய வைத்தாள், கம்பி ஒட்டினாள், கணக்குப் போட்டாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வந்தது. தடிமனை மாற்றினால் என் கோட்பாட்டின்படி கூட வேண்டியது குறைந்தது. நாற்பத்தொரு சில்லுகள். ஒருநாள் வாராந்திரக் கூட்டத்தில் பெரிய சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்:

"உன் கை சரியில்லம்மா. புத்தி இருந்தா மட்டும் போதாது. கைராசி பக்கத்துல உக்காந்து கத்துக்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தன்னடக்கத்தோடு மேசையைப் பார்த்தேன். அந்தத் தன்னடக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

அவளும் வந்து உட்கார்ந்தாள். மூன்று மாதம் என் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பி ஒட்டுவதையே திரும்பத் திரும்பச் செய்தாள். உண்மையில் முதல் வாரத்திலேயே அவளுக்கு நன்றாக வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் பழகணும்" என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவளுடைய காலக்கெடு முடிந்தது. நீட்டிப்பதா, அனுப்பிவிடுவதா என்று போன வாரம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு குழு கூடி முடிவு செய்வதாக ஏற்பாடு. அவள் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பெரிய சார் என்னிடம் கேட்டார். செவ்வாய்க்கிழமை எழுதிக் கொடுத்தேன். "கடும் உழைப்பாளி. ஆனால் நுண்ணிய அளவீட்டுக்குத் தேவையான கைத்திறன் போதவில்லை." இந்த இரண்டு வாக்கியத்தையும் நான் சாதாரணமாக, தண்ணீர் குடித்துக்கொண்டே எழுதினேன்.

புதன்கிழமை காலை ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"அண்ணா, ஒரு சந்தேகம்."

"சொல்லு."

"வெளிக்காந்தத்தைக் கூட்டக் கூட்டத் திருகல் குறையணும்ல?"

"குறையணும்."

"குறையல."

தாளை மேசையில் வைத்தாள். நாற்பது, ஐம்பது, எழுபது, நூறு. புள்ளிகள் தரையில் கோடு போட்ட மாதிரி மட்டமாக இருந்தன. மட்டம் என்றால் சூடு என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் வேறு எதையோ பேசியது.

"நூறா? யாரு உன்னை நாப்பதுக்கு மேல போகச் சொன்னது? சீட்டு ஒட்டியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?"

"குழாயை இறுக்குற கிளாம்ப் தேய்ஞ்சுபோயிருந்தது அண்ணா. கடையில புதுசு வாங்கி மாட்டினேன். பத்து நிமிஷ வேலைதான். இப்ப ஒழுகல."

"தண்ணி மின்சாரத்துல பட்டிருந்தா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" குரலை உயர்த்திக் கத்தினேன். அடுத்த அறையிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. "முதல்ல கம்பியை ஒழுங்கா ஒட்டு. மோசமா ஒட்டினா இப்படித்தான் மட்டமா வரும்."

மோசமாக ஒட்டினால் அப்படி வராது. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு வருடமாகக் கை சரியில்லை என்று கேட்டுக் கேட்டு, தன் கண்ணையே நம்பாத நிலைக்கு வந்திருந்தாள். "சரி அண்ணா, மறுபடியும் ஒட்டிப் பாக்கறேன்" என்று தாளை எடுக்காமலே போய்விட்டாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்கு உண்மை தெரிந்தது என்றால் நான் ஓரளவு தலை நிமிர்ந்து இருந்திருப்பேன். என் கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முன், பெயர் தெரியாத ஒரு மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்: சூட்டின் பங்கைக் கழித்தீர்களா, வெற்றுத் துண்டை அளந்தீர்களா? அளந்தேன். ஏதும் வரக்கூடாத இடத்தில், அசல் சில்லில் வந்ததில் எண்பது விழுக்காடு வந்தது. நான் பெருமையோடு காட்டிய மூன்று மடங்குத் திருகலில் பெரும்பகுதி வெறும் சூடு என்று அதற்கு அர்த்தம். சில்லு கெட்டுப்போயிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இன்னொரு வெற்றுத் துண்டு செய்து பார்த்திருக்கலாம். இரண்டு நாள் வேலை. செய்யவில்லை. அதைச் செய்தால் என்ன வரும் என்று தெரிந்ததால்தான் செய்யவில்லை. "சூட்டின் பங்கு புறக்கணிக்கத்தக்கது" என்று பதில் எழுதி அனுப்பினேன். அந்த வாரம்தான் அவள் எங்கள் கூடத்தில் சேர்ந்தாள்.

புதன் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். அப்போதுதான் வந்து, காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரு செத்தது?" என்றாள். அவள் பேச்சே அப்படித்தான். நான் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ ஒருவருக்கு நடந்த மாதிரி ஆரம்பித்தேன். பாதியிலேயே அது உடைந்து, நானே என்றாகிவிட்டது. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த வெத்துத் துண்டுன்னு சொல்றீங்களே, அது எங்க கண்ட்ரோல் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"விடை முன்னாடியே தெரிஞ்ச ரத்தத்தை மெஷின்ல ஓட்டிப் பாக்கறது, எங்ககிட்ட தினமும் காலையில முதல் வேலை அதுதான். கண்ட்ரோல் தப்பா வந்தா, வாசல்ல அம்பது பேரு நின்னாலும் ஒரு ரிப்போர்ட் வெளிய போகாது. போன வருஷம் ஒருத்தன் அனுப்பிட்டான். அன்னிக்கே வேலையை விட்டு எடுத்துட்டாங்க. நான்கூடத் திட்டினேன் அவனை." ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "உங்களுக்கு அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு?"

அவள் பதிலுக்குக் காத்திராமல் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வரும்போது சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றி, கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கும்படி அலமாரி மேல் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வியாழக்கிழமை முழுக்கப் பெரிய சார் அறை வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே பார்த்துவிட்டு, "என்னப்பா, வேலை இல்லையா?" என்றார். "இருக்கு சார்" என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. நீளமேசையின் ஒருபக்கம் பெரிய சார், துறைத்தலைவர், வேறொரு கல்லூரியிலிருந்து வந்திருந்த நரைத்த முடி அம்மா. எதிர்ப்பக்கம் அவள் தனியாக. எனக்கு ஓரத்தில் நாற்காலி. பெரிய சார் நான் எழுதிய பக்கத்தை எடுத்து உரக்கப் படித்தார். "கைத்திறன் போதவில்லை" என்ற இடம் வந்தபோது அவள் தலையாட்டினாள். மறுக்கவில்லை, ஒத்துக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"சார், அது தப்பு" என்றேன். "அவங்க அளந்தது சரி. நான்தான் தப்பா அளந்தேன்."

அவளுடைய தாளை மேசையில் வைத்தேன். நூறு வரைக்கும் மட்டமாக ஓடும் புள்ளிகளைக் காட்டினேன். என் முடிவில் பெரும்பகுதி சூடு, திருகல் இல்லை, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். பெரிய சாரின் முகம் செத்துவிட்டது. "திரும்பப் பெறணுமா? சின்னத் திருத்தம் போட்டா போதாதா?" என்றார். நரைத்த முடி அம்மா தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, போதாது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தன்னோட கட்டுரையையே தப்புன்னு எல்லார் முன்னாடியும் சொல்ல ஒரு மனசு வேணும். நான் இத்தனை வருஷத்துல பார்த்ததில்ல. இந்த மாதிரி ஆளுங்கதான் வேணும்."

துறைத்தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எப்போது தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. அவள் தாளைப் பார்த்த பிறகுதான் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தேன். "நன்றி" என்றுதான் வந்தது. பாராட்டு வாங்கிக்கொண்டு நின்ற அந்த இரண்டு நிமிடத்துக்குச் செவ்வாய்க்கிழமை எழுதிய பக்கமே தேவலை.

அவளுக்கு ஒரு வருடம் நீட்டிப்புக் கொடுத்தார்கள்.

நான்கரை மணிக்கு அவள் என் மேசைக்கு வந்தாள். நான், கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அதை வெளியிட்ட இதழுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"ரொம்ப நன்றி அண்ணா. வேற யாரா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாங்க. காலையில வீட்டுக்குப் போன் பண்ணி, பெட்டியைக் கட்டிட்டு வந்துடறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நன்றியோடு அவளை அப்படியே அனுப்பிவிடலாம். உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, என் மனைவியைத் தவிர.

"உக்காரும்மா" என்றேன். "புதன்கிழமை தெரிஞ்சுதுன்னு நினைக்கிறியா?"

"பின்ன?"

"நீ சேர்ந்த வாரம். வெத்துத் துண்டை அளந்தேன். எண்பது விழுக்காடு வந்துது. மறைச்சிட்டேன்."

அவள் உட்காரவில்லை. முதலில் புரியாதவள்போல் நின்றாள். பிறகு உதடு அசைந்தது. எதையோ எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"அப்ப நான் உங்க பக்கத்துல உக்காந்து மூணு மாசம் கம்பி ஒட்டினேனே."

"ஆமா."

"அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"என் கை சரியில்லன்னு அவர் சொன்னப்ப?"

"தெரியும்."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அழுதால்கூட நல்லது என்று இருந்தது. அவள் நாற்காலியைச் சுற்றி என் பின்னால் வந்து, திரையிலிருந்த கடிதத்தைப் படிக்க ஆரம்பித்தாள். நிதானமாக, ஒவ்வொரு வரியாக.

"'மேலும் அளந்தபோது அண்மையில் தெரியவந்தது.' அண்மையில்னு போட்டிருக்கீங்களே சார்."

இரண்டு வருடம் நாலு மாதத்தில் என்னை அவள் சார் என்றது அதுதான் முதல் தடவை. அந்த வரியை அழித்தேன். வெற்றுத் துண்டை அளந்த தேதி, வந்த அளவு, மதிப்பீட்டாளருக்கு நான் எழுதிய பொய், மூன்றையும் எழுதினேன். எழுதி முடிக்க ஐந்து நிமிடம்தான் ஆனது.

"பெரிய சாருக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அவருக்கும் ஒரு நகல் போகும். படிச்சா தெரிஞ்சுப்பார்."

"உங்க வேலை?"

"தெரியல."

அவள் கடிதத்தின் கடைசிக்கு வந்தாள். கையெழுத்திடுவோர் பட்டியலில் முதலில் அவள் பெயரை நான் போட்டிருந்தேன், அதன் கீழே என்னுடையது. அதை எழுதியபோது, பட்ட கடனில் கொஞ்சமாவது தீர்ந்தது என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

"இது எதுக்கு?"

"கண்டுபிடிச்சது நீதானே. உன் பேருதான் முதல்ல வரணும்."

"என் பேரை எடுத்துடுங்க."

"நியாயமா அது உனக்குச் சேர வேண்டியதும்மா."

"எனக்குச் சேர வேண்டியதை நான் தனியா எழுதிக்கறேன். என் நாப்பத்தொரு சில்லையும் வச்சு எழுதறேன். இதுல என் பேரு இருந்தா, நாளைக்குப் படிக்கிறவங்க நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வேலை பாத்தோம்னு நினைச்சுப்பாங்க."

பெயரை அழித்தேன். இப்போது அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பின்னாலேயே நின்றாள்.

"காலையில அனுப்பிடறேன்" என்றேன். "இன்னொரு தடவை படிச்சுப் பாத்துட்டு."

"இப்பவே அனுப்புங்க சார். நான் பாக்கணும்."

அனுப்பினேன். கடிதம் போய்விட்டது என்று திரையில் வந்தது. அதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.